தகரப் பெட்டிக்குள் ஒரு பிரஜாவுரிமை

தலவாக்கொல்லையிலிருந்து மேல்நோக்கி வளைந்து செல்லும் தோட்டப் பாதையொன்றின் முடிவிலே பழைய லயம் ஒன்று இருக்கின்றது. அதன் கடைசிக் காம்பிராவில் வாழும் மூதாட்டியைக் காண நாம் சென்றபொழுது மழை தூறிக்கொண்டிருந்தது. "வாங்கய்யா, குளிருல நிக்காதீங்க" என்று சொல்லி, அடுப்பருகே பலகையொன்றை இழுத்துப் போட்டார். எண்பது வயதைக் கடந்தவர். பதினான்கு வயதிலே கூடையைத் தலையில் மாட்டி மலையேறியவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர்.

நாம் வந்த காரியத்தைச் சொன்னோம். "நீங்கள் இந்நாட்டுப் பிரஜையானது எப்பொழுது?" என்று கேட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. கட்டிலின் அடியிலிருந்து தகரப் பெட்டியொன்றை இழுத்து வெளியே வைத்தார். இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே நகையில்லை, பட்டுச் சேலையில்லை. இருந்தவையெல்லாம் காகிதங்களே. பொலித்தீன் பையிலே சுற்றி, மேலே பழைய வேட்டித் துண்டால் கட்டி வைத்திருந்தார்.

ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சரித்திரம் அப்பெட்டிக்குள் அடங்கிக் கிடந்தது. அது அந்தக் குடும்பத்தின் கதை மாத்திரமன்று. ஒருவன் ஒரு நாட்டிலே வாழ்வது வேறு, அந்நாட்டுக்கு உரியவனாக எண்ணப்படுவது வேறு என்னும் உண்மையைப் பத்து இலட்சம் மக்கள் பட்டுணர்ந்த கதை அது. அப்பெட்டியிலிருந்து அவர் எடுத்த ஒவ்வொன்றையும் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

கழுத்திலே தொங்கிய தகரம்

முதலில் வெளிவந்தது ஒரு சிறு தகரத் துண்டு. துருவேறி, எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. "எங்க தாத்தா கழுத்துல கட்டிக்கிட்டு வந்ததுங்கய்யா" என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணிமார், எந்தத் தோட்டத்திற்கு ஆள் போகின்றான் என்பதை அறிவதற்காக இலக்கமிட்ட தகரச் சீட்டை அவன் கழுத்திலே கட்டிவிடும் வழக்கம் இருந்தது. இலக்கத்தைப் பார்த்தால் தோட்டம் தெரியும். ஆளின் பெயரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மலைநாட்டிற்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த வரலாறு அதற்கும் முந்தியது. 1820ஆம் ஆண்டுகளிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலம் முதல், மன்னாரிலே கரையிறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை மக்கள் நடந்தே வந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளில் நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை எழுந்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மாத்திரம் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆதலால் வந்தவர்கள் திரும்பவில்லை. லயத்திலே குடும்பம் உண்டாயிற்று, பிள்ளை பிறந்தது, முதியோர் இறந்து தேயிலைச் செடியின் அடியிலே அடக்கமாயினர்.

ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போகவும் தொழிலாளிக்குச் சுதந்திரமில்லை. அவன் பெற்ற கடனைத் "துண்டு" என்னும் சீட்டிலே எழுதுவார்கள். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டினாலே அவன் போகலாம். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது. கழுத்துத் தகரமும் துண்டுச் சீட்டும் போயின. ஆனால், ஒரு மனிதனின் இருப்பைக் காகிதத்தைக் கொண்டே அளக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

நிரந்தர வாசம் என்ற சொல்

இன்று உலக நாடுகளிலே "நிரந்தர வதிவுரிமை" என்னும் சொல்லை அடிக்கடி கேட்கின்றோம். நம் பிள்ளைகள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய் அதற்காக விண்ணப்பிக்கின்றார்கள். அச்சொல் இலங்கைச் சட்டத்திற்குப் புதியதன்று. 1931ஆம் ஆண்டிலேயே அது இங்கே வந்துவிட்டது.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சுப்படி 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை நமக்குக் கிடைத்தது. ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். ஆனால் தோட்டத் தொழிலாளருக்கும் அவ்வுரிமை கிடைத்தால் என்னாகுமோ என்னும் அச்சம் அக்காலத் தலைவர் பலரிடம் இருந்தது. எனவே நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இந்நாட்டையே தம் நிலையான வாழ்விடமாகக் கொண்டவர் என்று நிரூபிக்க வேண்டும். அல்லது கல்வியும் வருமானமும் அல்லது சொத்தும் உடையவராயிருத்தல் வேண்டும். அல்லது ஐந்தாண்டு வாசத்தைக் காட்டி, நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் உண்டென்று உறுதி கூறி, "நிரந்தர வாசத் தராதரப் பத்திரம்" பெறவேண்டும். அப்பத்திரம் பெறுவோர், இந்தியத் தொழிலாளர் என்னும் முறையிலே தமக்குரிய விசேட பாதுகாப்புகளைக் கைவிட வேண்டியிருந்தது. ஒரு கையால் வாக்குச் சீட்டைப் பெற மறு கையால் பாதுகாப்பைக் கொடுக்கவேண்டும். அப்பத்திரத்தை நாடியோர் தொகை மிகக் குறைவாயிருந்ததிலே வியப்பில்லை.

இருந்தபோதிலும் தொழிலாளர் வாக்களித்தனர். 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பண்டித நேரு இலங்கைக்கு வந்தபொழுது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே அதன் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவர்களுள் நுவரெலியாவிலே வென்ற திரு. எஸ். தொண்டமான் ஒருவர். தலவாக்கொல்லையிலே வென்ற திரு. சி. வி. வேலுப்பிள்ளை ஒருவர். 1946ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவர் என்று சொல்லலாம்.

பிறந்த மண்ணும் பிறப்புப் பதிவும்

மூதாட்டி அடுத்துக் காட்டியது தம் பிறப்பத்தாட்சிப் பத்திரம். 1942ஆம் ஆண்டிலே இதே தோட்டத்து லயத்திலே பிறந்தவர். அவருடைய தந்தையாரும் இம்மலைநாட்டிலேயே, 1912ஆம் ஆண்டளவில், பிறந்தவர். அதற்குச் சான்று உண்டா என்று கேட்டோம். "அப்பாவுக்கு ஏதுங்கய்யா பத்திரம்? பெரிய மழையில பெறந்தவர்னு பாட்டி சொல்லும்" என்றார்.

பெரிய மழையிலே பிறந்தவர்! அக்காலத்தில் தோட்டத்துப் பிறப்புகள் பல பதிவாகாமலே போயின. அதனால் அன்று ஒருவருக்கும் நட்டமில்லை. 1948ஆம் ஆண்டு வரும்வரையில் அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது என்று அச்சட்டம் கூறிற்று. அந்நாளுக்கு முன் இங்கே பிறந்தவராயின், அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறப்போருக்கோ தந்தை பிரஜையாயிருத்தல் வேண்டும். தாயின் பிரஜாவுரிமை பொதுவாகக் கணக்கிலே சேரவில்லை. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை வரலாமென்று சட்டம் ஒப்புக்கொள்வதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்திலே வாசகர்கள் சற்று நிதானித்து எண்ண வேண்டுகின்றோம். மூதாட்டி இங்கே பிறந்தவர். அவருடைய தந்தையும் இங்கே பிறந்தவர். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், அச்சட்டம் வந்த அன்றே, ஆறு வயதுச் சிறுமியாயிருந்த அவர் பரம்பரைப் பிரஜை! ஆனால் தந்தையின் பிறப்புக்குப் பத்திரமில்லை. பாட்டியின் வாய்மொழியைக் கந்தோரிலே பதிய முடியாது. ஆகவே உரிமை இருந்தும் அவர் அதனை இழந்தார். தேசத்தின் பிற பாகங்களிலும் பிறப்புப் பதிவு இல்லாத கிராமத்தவர் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களை எவரும் பத்திரம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர் தோட்டத்தவரே.

மற்றுமொரு செய்தியையும் இங்கே குறிப்பிடுதல் தகும். அவ்வாண்டு டிசம்பர் 10ஆந் திகதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டுரிமை உண்டென்று அதன் 15ஆவது உறுப்புரை கூறுகின்றது. நம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அப்பொழுது இருபத்தைந்தே நாட்கள் ஆகியிருந்தன.

ஏழாண்டும் பத்தாண்டும்

மூன்றாவதாக வந்தது ஒரு கட்டுக் காகிதம். அது அவருடைய தந்தை 1951ஆம் ஆண்டிலே கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியும், அதற்கு வந்த மறுமொழியும் ஆகும்.

பரம்பரைப் பிரஜையாக முடியாத இந்திய, பாகிஸ்தானிய வழியினருக்காக 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் அளவுகோல் வாசம். 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இடையிலே ஒருமுறை பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வெளியே தங்கியிருந்தாலும் அத்தொடர்ச்சி அறுந்துபோகும். நிலையான வருமானம் உண்டென்றும் காட்டவேண்டும். இவற்றையெல்லாம் இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

இரண்டாவது அடியும் அதே ஆண்டிலே விழுந்தது. தேர்தற் சட்டத் திருத்தத்தின்படி, பிரஜைகள் அல்லாதோர் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1947இலே எழுவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. அவ்வாண்டில் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடந்தது. வழக்கும் நடந்தது. ஒரு சமூகத்திற்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைச் செய்யலாகாதென்று சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. அப்பிரிவைக் காட்டிக் கோடாகன் பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு நாட்டின் பாராளுமன்றத்திற்கு உண்டென்று 1953ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. தமிழ்த் தலைவர்களுக்குள்ளேயும் இவ்விஷயத்தில் பிளவு உண்டாயிற்று. திரு. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு விலகி 1949ஆம் ஆண்டிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றுள் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர். பத்தாண்டுக்கு மேலாக நடந்த விசாரணையின் முடிவிலே பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் நிராகரிக்கப்பட்டனர்.

மூதாட்டியின் தந்தையும் நிராகரிக்கப்பட்டோருள் ஒருவர். 1941, 1942ஆம் ஆண்டுகளிலே அவர் வேலை செய்த தோட்டத்தின் செக்ரோல் புத்தகங்கள் கிடைக்கவில்லை. கந்தோர்க் கூரை ஒழுகிப் புத்தகங்கள் பழுதாய்விட்டன என்று அத்தோட்டத்தார் கூறிவிட்டனர். அவ்விரண்டு ஆண்டும் அவர் எங்கே இருந்தார் என்று விசாரணை உத்தியோகத்தர் கேட்டார். "மலையிலதான் இருந்தேன் துரை" என்பதற்கு மேல் அவருக்கு விடை தெரியவில்லை. அதே 1942ஆம் ஆண்டிலே, அதே தோட்டத்திலே, அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்குழந்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கையிலே வைத்துக்கொண்டே நாம் இக்கதையைக் கேட்டோம். குழந்தை பிறந்ததற்குச் சான்று தந்தை இருந்ததற்குச் சான்றாகாதாம்.

டில்லியில் முடிந்த கணக்கு

நான்காவது, கடும் நீல அட்டையுடைய ஓர் இந்தியக் கடவுச்சீட்டு. அதை அவர் கையிலே எடுக்கவில்லை. நம்மிடம் தள்ளிவைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி, புதுடில்லியிலே, நம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. 1974ஆம் ஆண்டில் அவ்வெஞ்சிய தொகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். இருதரப்பு அரசாங்கங்களும் தத்தம் கணக்கைத் தீர்த்துக்கொண்டன. கணக்கிலே வந்த மக்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு விண்ணப்பம் கோரியபொழுது இந்தியாவை நாடியோரிலும் இலங்கையை நாடியோரே மிகப் பலராயிருந்தனர். ஆனால் ஒப்பந்தத்திலே தொகை முன்னரே நிச்சயமாகிவிட்டது.

மூதாட்டியின் தமக்கையார் தம் கணவருடன் இந்தியாவுக்கு மனுச் செய்தார். 1972ஆம் ஆண்டிலே கடவுச்சீட்டு வந்தது. தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்கு அவர்களை ஏற்றிவிடத் தோட்டமே அட்டன் புகைவண்டி நிலையத்திற்குத் திரண்டது. அக்காலத்திலே அந்தக் கோச்சிக்கு மலைநாட்டார் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயரிட்டிருந்தனர். சாவு வீட்டிலே பாடும் ஒப்பாரியை, உயிரோடிருப்பவரைப் பார்த்துப் புகைவண்டி மேடையிலே பாடி அழுதனராம். வண்டி நகர்ந்தபொழுது தமக்கையார் சன்னல் வழியே கையை நீட்டினார். தங்கை அக்கையைப் பிடித்துக்கொண்டே மேடை முடியும் வரையில் ஓடினார். "அதுக்கப்புறம் பாக்கலிங்கய்யா" என்றார் மூதாட்டி. தமக்கையார் நீலகிரியிலே கோத்தகிரிப் பக்கத்தில் வாழ்ந்து இறந்துபோனார்.

மூதாட்டியும் அவர் கணவரும் முதலில் இலங்கைக்கே மனுச் செய்தனர். மறுக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்திலே லயத்தின் கூரை எரிந்தது. இனி இங்கே இருந்து பயனில்லை என்று கணவர் மனமுடைந்து இந்தியாவுக்கு மனுச் செய்தார். 1983ஆம் ஆண்டிலே கடவுச்சீட்டுக் கிடைத்தது. வேலையிலிருந்து பெயரை வெட்டிச் சேமலாபநிதிப் பணத்தைப் பெறுவதற்குள் ஆண்டொன்று சென்றது. 1984ஆம் ஆண்டிலே தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து நின்றுபோயிற்று. கட்டிய மூட்டையை அவிழ்த்தனர். ஒப்பந்தத்தின் கீழ் அதுவரையில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போயிருந்தனர். கடவுச்சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு போக வழியின்றி நின்றோர் பல்லாயிரவர். அவர்கள் சட்டப்படி இந்தியர். இருந்த இடம் இலங்கை. கடவுச்சீட்டும் காலாவதியாய் மடிந்தது.

வதிவோர்க்கு என்ன உரிமை?

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழுகின்றது. ஒருவன் பிரஜையல்லன், ஆனால் வாழ்நாள் முழுவதும் இங்கேயே வாழ்கின்றான். அவனுக்கு என்ன உரிமைகள் உண்டு?

நம் நாட்டு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்கு விடை தருகின்றது. அதைப் பலரும் கூர்ந்து படிப்பதில்லை. சில உரிமைகளை அது "ஒவ்வோர் ஆளுக்கும்" கொடுக்கின்றது. மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாமை, சட்டத்தின் முன் சமத்துவம், சட்டப்படியன்றிக் கைது செய்யப்படாமை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்குப் பிரஜாவுரிமை தேவையில்லை, மனிதனாயிருந்தால் போதும். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் சேரும் உரிமை, தொழில் செய்யும் உரிமை, விரும்பிய இடத்தில் வாழும் உரிமை, நாடு திரும்பும் உரிமை என்பவற்றையோ, 14ஆம் உறுப்புரை "ஒவ்வொரு பிரஜைக்கும்" என்று வரையறுக்கின்றது.

அப்படியானால் நாடற்றவர் வாய் திறக்கவும் சங்கம் சேரவும் கூடாதா? அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தியிலே ஒரு விசேட ஏற்பாடு உண்டு. வேறெந்த நாட்டுக்கும் பிரஜையாகாமல், இந்நாட்டிலே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வதிந்து வருவோர், அரசியலமைப்புத் தொடங்கிய நாளிலிருந்து பத்தாண்டு காலத்திற்கு இவ்வுரிமைகளை அனுபவிக்கலாம் என்பதே அது. நாடற்ற நிலையைப் பத்தாண்டுக்குள் தீர்த்துவிடலாம் என்று எண்ணினர் போலும். நல்லெண்ணமே. ஆனால் பேச்சுரிமைக்கும் தவணை விதித்த விந்தையை என்னென்பது!

ஏட்டிலே உள்ள உரிமை ஒருபுறமிருக்க, நாளாந்த வாழ்விலே நடந்தது வேறு. பிரஜையல்லாதவனுக்கு வாக்கு இல்லை. அரசாங்க உத்தியோகம் இல்லை. குடியேற்றத் திட்டங்களிலே காணி இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை. 1970ஆம் ஆண்டுகளிலே தேசிய அடையாள அட்டை வந்தபின் இன்னல் பெருகிற்று. மூதாட்டியின் மகன் 1965ஆம் ஆண்டிலே பிறந்தவன். அட்டையில்லாத காரணத்தால் கொழும்புக் கடையொன்றிலே கிடைத்த வேலையை விட்டுத் திரும்பினான். யுத்த காலத்திலே வீதித் தடையிலே மறித்துக் கேட்டபொழுதெல்லாம் தோட்டத்துரை கொடுத்த கடிதத்தையே காட்டினான். சில வேளை அது போதியதாயிற்று. சில வேளை இரவைப் பொலிஸ் நிலையத்திலே கழித்தான்.

ஒரு நாள் நீடித்த அறுபது ஆண்டு

ஐந்தாவது காகிதம் 2003ஆம் ஆண்டினது. இதைமட்டும் மூதாட்டி தம் கையாலேயே விரித்துக் காட்டினார்.

இதற்குமுன் 1986ஆம், 1988ஆம் ஆண்டுகளிலே வந்த சட்டங்கள், இந்தியாவுக்கு மனுச் செய்யாதிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க முயன்றன. அவற்றால் பெருந்தொகையினர் பயன் பெற்றனர். 1977ஆம் ஆண்டிலே திரு. தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் புகுந்ததும், மலையகத் தொழிற்சங்கங்கள் இடைவிடாது நெருக்கியதும் அதற்குக் காரணமாயின. ஆனால் இந்தியாவுக்கு மனுச் செய்துவிட்டுப் போகாமல் தங்கியோரின் நிலை மட்டும் நடுவழியிலேயே நின்றது.

2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே, எதிர்ப்புக் குரலின்றி, 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி முதல் இலங்கையிலே நிரந்தரமாக வதிந்துவரும் இந்திய வம்சாவளியினரும், இங்கே வதியும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகளாகலாம் என்றது அச்சட்டம். சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள்! மக்களைப் பங்குபோட்ட திகதியையே மக்களைச் சேர்க்கும் திகதியாகவும் வைத்தனர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர், இலங்கைப் பிரஜையாக விரும்புகின்றோம் என்று ஒரு பிரகடனம் செய்தாற் போதும். செக்ரோல் கேட்கவில்லை. தந்தையின் பிறப்புப் பதிவு கேட்கவில்லை. தோட்டந்தோறும் நடமாடும் முகாம்கள் நடந்தன. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் துணை நின்றது. சில நாட்களுக்குள்ளே இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜைகளாயினர்.

"காலையில பேர் கொடுத்தேன். சமாதான நீதவான் ஐயா கையெழுத்து வச்சாரு. மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டேன்" என்றார் மூதாட்டி. "இவ்வளவுதானான்னு இருந்துச்சுங்கய்யா."

இவ்வளவுதானா! அரை நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றமும், கந்தோரும், இரு நாட்டுப் பிரதமர்களும் தீர்க்காத காரியம் ஒரு காலைப் பொழுதிலே தீர்ந்தது. அவருடைய தந்தை அதற்குள் இறந்துவிட்டார். கணவரும் 1998ஆம் ஆண்டிலே இறந்துவிட்டார். அவ்விருவரும் இறக்கும்போது எந்நாட்டவர் என்று கேட்டால் எந்தச் சட்டத்தாலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

2005ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலே மூதாட்டி முதன்முதலாக வாக்களித்தார். வயது அறுபத்து மூன்று. விரலிலே பூசிய மையைப் பல நாள் வரையில் அழியவிடாமல் வைத்திருந்தாராம்.

இன்னும் எஞ்சியவை

பிரஜாவுரிமை வந்தது. அதனோடு எல்லாம் வந்துவிட்டதா? இல்லை என்றே கூறவேண்டும்.

உள்ளூராட்சி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தார் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். ஆனால் அச்சபையின் நிதியைத் தோட்டத்திற்குள் செலவிடுவதற்குச் சட்டத்திலே தடையிருந்தது. 2018ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. வீட்டு விஷயமோ இன்னும் பெரிது. பெருந்தொகையான குடும்பங்களுக்கு இன்றும் லயக் காம்பிராதான் வீடு. அக்காம்பிரா அவர்களுக்கு உரியதன்று. நிலமும் அவர்களுக்கு உரியதன்று. ஏழு பேர்ச் காணியிலே தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் நடைபெற்றன. அவற்றால் பயன் பெற்றோர் சிலரே. 2023ஆம் ஆண்டிலே, மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த வழியிலே பலர் நடந்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளிலே காணியும் வீடும் முதன்மை பெற்றன.

கடலுக்கு அப்பாலும் ஒரு துயரம் எஞ்சியிருக்கின்றது. கலவரங்களுக்கும் யுத்தத்துக்கும் அஞ்சி 1983ஆம் ஆண்டிற்குப் பின் தமிழ்நாட்டை அடைந்தோரிலே மலையக வழியினரும் பல்லாயிரவர். அவர்களுக்கு வழி செய்வதற்காக 2009ஆம் ஆண்டிலே நம் சட்டம் திருத்தப்பட்டதாயினும், முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்றும் இந்தியரென்றும் இலங்கையரென்றும் உறுதிப்படாமல் வாழ்கின்றனர். பாட்டனைத் தொடர்ந்த வினை பேரனையும் விடவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

சட்டம் நல்லதாயிருக்கலாம், அல்லாததாயிருக்கலாம். அதன் முன்னே நிற்கும் ஏழைக்கு ஆயுதம் பத்திரமே. இன்றும் தோட்டங்களிலே பெயர் மாறி, திகதி மாறிப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் திருத்தாமல் விட்டிருப்போர் பலர் உளர். தந்தையின் பெயர் ஒரு பத்திரத்திலே ஒருவிதமாகவும் மற்றொன்றிலே வேறுவிதமாகவும் இருக்கும். இன்று அது சிறு பிழை. நாளை பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்துக்கும், அடையாள அட்டைக்கும், கடவுச்சீட்டுக்கும் அது பெருந்தடை. அவற்றைப் பிரதேச செயலகத்திலே காலத்தோடு திருத்திக்கொள்ளுதல் நலம். படித்த இளைஞர் ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தை அயலவரின் காகிதங்களைப் பார்ப்பதற்கு அவர்கள் ஒதுக்குவார்களாயின், அது சிறந்த தொண்டாகும்.

பிறநாடு சென்று நிரந்தர வதிவுரிமைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். உங்கள் பிள்ளை அங்கே வரிசையில் நின்று "எத்தனை ஆண்டு வாழ்ந்தாய், இடையிலே எங்கே போனாய், சான்று எங்கே" என்ற கேள்விக்கு விடை கூறும்பொழுது, இதே கேள்விக்கு விடையின்றி நின்ற மலைநாட்டுத் தொழிலாளியையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வேறு நாட்டிலே அல்ல, தான் பிறந்த இடத்திலேயே நின்றான்.

நாம் விடைபெற எழுந்தபொழுது மழை விட்டிருந்தது. மூதாட்டி காகிதங்களை முன்போலவே அடுக்கினார். காலாவதியான கடவுச்சீட்டையும் எறியவில்லை. அதையும் உள்ளே வைத்தார். "இன்னும் ஏனம்மா இவற்றைக் காத்து வைத்திருக்கிறீர்கள்? இனி எவர் கேட்கப் போகின்றார்?" என்றோம்.

அவர் சிரித்தார். "கேக்கமாட்டாங்கன்னுதான் எங்கப்பாவும் நெனச்சிருந்தாரு" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினார்.